சின்னக் காது

அதை அப்படிப் போட்டு அமுக்காத பிள்ள. அமுக்க அமுக்க உள்ளதான் போகும். உள்ள போனா லேசுல வெளிய வாராது. சும்மா சொல்லலை, அனுபவத்துல சொல்லுதேன்.

பஸ்ஸு ஏறினதுல இருந்து பாத்துக்கிட்டே வாரேன். அந்த இயர்போன் வலது காதுல நிக்குது, இடது காதுல நிக்க மாட்டேங்குது. விழுது, எடுத்து மாட்டுத. மறுபடி விழுது, மறுபடி மாட்டுத. எங்க, காதைக் காட்டு. ம். கோவிச்சுக்காத, உனக்குப் பெரிய காது. இதுல கிடக்க ரப்பர் மீடியமா இருக்கும். நீ எல் போடணும். சிலருக்கு ஆண்டவர் தாராளமா வச்சிருவாரு. சிலருக்கு ஒரு காது ஒரு சைஸ், மறு காது வேற சைஸ். எனக்கு ரெண்டும் எஸ்.

இவளுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னு பாக்கியா? நான் பாட்டுக்காரி. எட்வின் மெல்லிசைக் குழு டெய்சிராணின்னு திருச்செந்தூர் ரோட்டுல எந்த ஊர்ல வேணும்னாலும் கேட்டுப் பாரு. எட்வின் அப்பா குழு நடத்தின காலத்துல இருந்து நான்தான் அதுல லேடி வாய்ஸ். எட்வின் தம்பி அப்ப டவுசர் போட்டுக்கிட்டு மேடைக்குப் பின்னாடி முறுக்கு தின்னுக்கிட்டு இருப்பான். இன்னைக்கு அவன் ஓனர், கீபோர்டும் அவன்தான். ஞாயித்துக்கிழமை கோயில்ல கொயர் பாடுவேன். செவ்வாக்கிழமை அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுல அம்மன் பாட்டு பாடுவேன். மாதாவும் ஒண்ணும் சொன்னதில்ல, முத்தாரம்மனும் ஒண்ணும் சொன்னதில்ல.

இப்பக்கூட கொடைக்குத்தான் போறேன், கீழவேப்பங்குளத்துக்கு. அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. கச்சேரியில முதல் பாட்டு அம்மன் பாட்டு. அதைப் பாடுதவளுக்கு அம்மன் கழுத்துல கிடந்த மாலையைக் கொண்டாந்து போடுவாவ. வருஷா வருஷம் அந்த மாலை எனக்குத்தான். வீட்டுல மாதா படத்துக்குப் பக்கத்துல தொங்கவிட்டிருப்பேன், அடுத்த கொடை வாரது வரைக்கும் காஞ்சு போயித் தொங்கும். வீடு மந்திரிக்க வந்த பங்குச்சாமி அதைப் பாத்துட்டு, "இது என்னம்மா?"ன்னாரு. "சம்பளம் ஃபாதர்"ன்னேன். அந்த மாலை என் கையை விட்டுப் போகப் பாத்த கதையைத்தான் சொல்ல வாரேன். எல்லாம் உன் காதுல கிடக்கே, அதனால வந்த வினை.

முன்னால மேடையில நம்ம காலடியில ஒரு பொட்டி இருக்கும். நம்ம பாடுதது நமக்கு அதுல கேக்கும். போன வருஷம் எட்வின் தம்பி, பொட்டியெல்லாம் பழைய காலம், இனிமே காதுலயே மாட்டிக்கிடுவோம்னு சொல்லி எல்லாருக்கும் வாங்கிட்டு வந்துட்டான். இடுப்புல ஒரு டப்பா, டப்பாவுல இருந்து வயர், வயர் நுனியில காதுக்கு ரெண்டு குமிழு. கூடவே ஆளுக்கு ஒரு சின்னப் பாக்கெட்டு. அதுக்குள்ள எஸ், எம், எல்னு மூணு சைஸ்ல ரப்பர். குமிழுல மாட்டிக் காதுக்குள்ள வைக்கணும். "அவங்கவங்க காதுக்கு எது சரியா இருக்குன்னு போட்டுப் பாருங்க. காத்து போகாம அடைக்கணும், அப்பதான் டிரம்மோட பேஸ் சத்தம் கேக்கும்"னான்.

போட்டுப் பாக்க என்ன இருக்கு? எனக்கு என் சைஸ் தெரியாதா? இந்தா, இந்தக் கையைப் பாரு. இன்னைக்கும் டூ ஃபோர் வளையல்தான். மூணு பிள்ளை பெத்தவ கை மாதிரியா இருக்கு? வளையக்கடைக்காரரு எனக்குச் சோப்பு எடுத்ததே கிடையாது. செருப்பு அஞ்சு நம்பர். எல்லாம் சின்னதா இருக்கையில காது மட்டும் எப்படிப் பெருசா இருக்கும்? எஸ்ஸை எடுத்து மாட்டிக்கிட்டு மத்ததை எல்லாம் வேன் ஜன்னல் வழியா வீசிட்டேன். "ஏக்கா!"ன்னு பதறினான் எட்வின். "எனக்கு எதுக்குப்பா அண்டா குண்டாவெல்லாம்?"ன்னேன்.

அப்பதான் குழுவுல சிந்துஜான்னு ஒருத்தி புதுசா சேந்திருந்தா. கோவில்பட்டிக்காரி. ரெண்டாவது லேடி வாய்ஸ். ஆளு தீக்குச்சி மாதிரி இருப்பா. அவ எஸ்ஸைப் போட்டுப் பாத்தா, கழத்தினா. எம்மைப் போட்டுப் பாத்தா, தலையை அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டினா. கடைசியில ஒரு காதுக்கு எம்மு, இன்னொரு காதுக்கு எல்லு. அதுவும் எல்லார் முன்னாடியும், கொஞ்சம்கூடக் கூச்சமே இல்லாம. எனக்குப் பாவமா இருந்துச்சு. கல்யாணம் ஆகாத பிள்ளை, இப்பவே எல்லுன்னா பொறவு எங்க போயி நிக்கும்?

முதல் கச்சேரியிலயே எனக்குப் பிரச்சினை வந்துட்டு. கேக்குது, ஆனா எல்லாம் கொசு பாடுத மாதிரி கேக்குது. டிரம்மு தும்முன்னு விழ வேண்டியது டிக்குன்னு விழுது. மேல எடுக்கையில வாயைப் பெருசாத் திறக்கணும்லா, திறந்தா இடது குமிழு பொத்துன்னு தோள்ல வந்து விழும். "ரப்பரை மாத்துங்கக்கா"ன்னான் எட்வின். ரப்பர்ல என்ன இருக்கு? குறை வயர்லதான். கையில எடுத்துப் பாத்தா தையல் நூல் மாதிரி இருக்கு. அதுக்குள்ள டிரம்மு வரணும், கீபோர்டு வரணும், என் குரலும் வரணும். குத்தால அருவியை ஸ்ட்ரா வச்சு உறிஞ்ச முடியுமா?

மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப ஒரு கடையில விஷயத்தைச் சொன்னேன். அந்தக் கடைக்காரரு மனசு புரிஞ்சவரு. வெள்ளி பூசின கேபிள்னு ஒண்ணை எடுத்துப் போட்டாரு. வயர் இல்ல பாத்துக்கோ, கேபிள். கல்யாணப் பொண்ணு சடை மாதிரி பின்னி, அதே கனத்துல இருக்கு. "இதைப் போட்டா குரல் எப்படிக் கேக்கும்?"னேன். "பால்கோவா மாதிரி கேக்கும்மா"ன்னாரு. எங்க வீட்டு அவிய பக்கத்துல நின்னாவ. "பால்கோவா எப்படிக் கேக்கும்? திங்கல்லா செய்வாவ?"ன்னாவ. அவியளுக்கு இசை ஞானம் கிடையாது.

கேபிளை மாட்டினதுமே வித்தியாசம் தெரிஞ்சுட்டு. பிரமாதம்னா பிரமாதம். எட்வினுக்கு நம்பிக்கை இல்ல. என்னையக் கண்ணை மூடச் சொல்லிட்டு, பழசையும் புதுசையும் மாத்தி மாத்தி மாட்டி, எது நல்லா இருக்குன்னு கேட்டான். நான் நல்லா இருக்குன்னு சொன்னதெல்லாம் பழைய வயராப் போச்சு. அன்னைக்கு எனக்கு ஜலதோஷம் வேற.

ஒண்ணு ஒத்துக்கிடுதேன், கனம் இருக்கு. காதைப் பிடிச்சுக் கீழ இழுக்கும். பட்டுச்சேலையில உரசினா காதுக்குள்ள சரசரன்னு பாம்பு ஓடுத மாதிரி கேக்கும். வயரைக் காதுக்கு மேல சுத்தி முதுகுப் பக்கமா விட்டா உரசாதுன்னு சிந்துஜா சொன்னா. "காதுக்கு மேல எங்கட்டி சுத்த? அங்க மாட்டல் கிடக்கு"ன்னேன். மாட்டலையும் ஜிமிக்கியையும் கழத்திருங்கக்காங்கா. ஜிமிக்கி இல்லாம மேடை ஏற நான் என்ன எழவு வீட்டுக்கா போறேன்? அப்படியேதான் பாடினேன். தலையை ஆட்டுதப்ப ஜிமிக்கி குமிழுல போயி டங்கு டங்குன்னு மோதும். மோதட்டும்னு விட்டேன். விழாம இருக்கணும்லா, அதுக்காகக் குமிழைப் பெருவிரலை வச்சு நல்லா உள்ள தள்ளி விட்டுக்கிடுவேன்.

அப்பதான் ஏரல்ல ஒரு கல்யாண ரிசப்ஷன். பாடி முடிச்சுக் காதுல இருந்து கழத்துதேன், இடது குமிழு மட்டும் மொட்டையா வருது. ரப்பரைக் காணோம். சேலையை உதறிப் பாத்தேன், மேடையில தேடினேன், கிடைக்கலை. உடை மாத்துத ரூம்ல நானும் சிந்துஜாவும்தான் இருந்தோம். நீயே சொல்லு, நான் என்ன நினைப்பேன்? திருடின்னு நான் ஒரு வார்த்தை சொல்லலை. அந்தப் பழக்கமே என்கிட்டக் கிடையாது. வெளிய கூட்டிட்டு வந்து பையைக் கொட்டிக் காட்டுன்னு மட்டும் சொன்னேன், நாலு பேரு பாக்கட்டும்னு. கொட்டினா. உள்ள ரப்பர் பாக்கெட்டு இருந்துச்சு. அதுக்குள்ள எஸ்ஸு! எல்லு போடுதவ பையில எஸ்ஸுக்கு என்ன வேலை? "அது எனக்கு வந்ததுக்கா, போட்டுப் பாத்துட்டு வேண்டாம்னு வச்சிருக்கேன்"ன்னா, கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. "சரி, விடு, மன்னிச்சுட்டேன்"னு சொல்லி அதை எடுத்து என் குமிழுல மாட்டிக்கிட்டேன். பெருந்தன்மையா நடந்துக்கிட்டோம்னு எனக்கு ஒரு திருப்தி.

ஆனா அவ பையில கிடந்த ரப்பர்லா? அன்னையில இருந்து இடது காது மந்தமாயிட்டு. கிணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி கேக்கும். என் குரல் மட்டும் மண்டைக்குள்ள ஙொய்ன்னு சுத்தும், கீபோர்டு எங்கயோ பக்கத்து ஊர்ல வாசிக்க மாதிரி இருக்கும். கேபிளுக்கும் அந்த ரப்பருக்கும் ஒத்துக்கிடலைன்னு நினைச்சேன். இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளினேன்.

ரிகர்சல்ல ஒரு நாள் எட்வின் பக்கத்துல வந்து உக்காந்தான். இடது பக்கமா. மெதுவா என்னமோ சொன்னான். "என்ன?"ன்னேன். திரும்பச் சொன்னான். "என்னது?"ன்னேன். கடைசியில அவன் சத்தமா, "சுருதி விலகுதுக்கா!"ன்னான். டிரம்மு, தபேலா எல்லாம் நின்னு போச்சு. "யாருக்கு?"ன்னேன். "உங்களுக்குத்தான். கொஞ்ச நாளாவே விலகுது. கீழவேப்பங்குளம் கொடைக்கு முதல் பாட்டு சிந்துஜா பாடட்டும். நீங்க பொறவு பாடுங்க"ன்னான்.

வீட்டுக்கு வந்து சமையக்கட்டுலயே உக்காந்து அழுதேன் பிள்ள. வயசாயிட்டுன்னு சொல்லியிருந்தாக்கூட அவன் சட்டையைப் பிடிச்சிருப்பேன். சுருதின்னுட்டானே. பாடுதவளைப் பாத்து அதைச் சொல்லிட்டா வேற என்ன மிச்சம் இருக்கு? மேடையில இருந்து இறங்கினா நான் யாரு? ரேஷன் கடை வரிசையில நிக்க இன்னொருத்தி, அவ்வளவுதான். மாதா படத்துக்குப் பக்கத்துல கிடந்த காஞ்ச மாலையைப் பாக்க முடியாம அங்கிட்டுத் திரும்பி உக்காந்துக்கிட்டேன்.

கொடைக்கு முன்ன, ஞாயித்துக்கிழமை பூசையில காதுல குத்து எடுத்துட்டு. தாங்க முடியலை. திங்கக்கிழமை காலையில எங்க வீட்டு அவிய தூத்துக்குடியில காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாவ. அவரு நெத்தியில லைட்டை மாட்டிக்கிட்டு உள்ள பாத்தாரு. இன்னும் குனிஞ்சு பாத்தாரு. அப்புறம் ஒரு இடுக்கியை விட்டாரு. ப்ளக்குன்னு ஒரு சத்தம்.

ஐயோ, எப்படிச் சொல்ல. ஃபேன் கிரீச்சுங்குது. வெளிய ஆட்டோ ஹாரன் அடிக்குது. எங்க வீட்டு அவிய மூச்சு விடுத சத்தம்கூடக் கேக்குது. உலகமே ஒரேயடியா உள்ள வந்து விழுந்த மாதிரி இருந்துச்சு. குனிஞ்சு பாத்தா அந்தத் தட்டுல, பஞ்சு மேல, சின்னதா ஒரு ரப்பர்.

"இது என்னம்மா?"ன்னாரு டாக்டர்.

"உங்க மிஷின்ல இருந்து விழுந்திருக்கும் சார்"ன்னேன்.

எங்க வீட்டு அவிய சும்மா இருப்பாவளா? "ஏ டெய்சி, அந்தப் பிள்ளை பையைக் கொட்டச் சொல்லித் தேடினியே, அந்த ரப்பராட்டி இது?"ன்னாவ. அதுவா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரப்பர்ல பேரா எழுதியிருக்கு? டாக்டர் வேற, "உங்க காதுக்கு இது ரொம்பச் சின்னதும்மா. அதான் கழண்டு உள்ள போயிட்டு. இதைவிடப் பெருசு போடுங்க. இன்னைக்கும் நாளைக்குப் பகலும் காதைச் சும்மா விடுங்க"ன்னாரு. டாக்டருக்குப் படிச்சவருக்கு ரப்பரைப் பத்தி என்ன தெரியும்? சின்னது உள்ள போகணும்னா வழியும் சின்னதாத்தான இருக்கணும்? யோசிச்சுப் பாரு.

அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டு அவிய எட்வின்கிட்ட ரொம்ப நேரம் ஃபோன்ல பேசிக்கிட்டு இருந்தாவ. மறுநாள் சாயங்காலம் கொடைக்குப் போய் இறங்கினா, எங்க குழுவுல எல்லாருக்கும் ஒரே இருமல். டிரம்முக்காரரு என்னையப் பாக்காரு, இருமுதாரு, அங்கிட்டுத் திரும்பிக்கிடுதாரு. தபேலாக்காரரு துண்டை வாயில வச்சுக்கிட்டு வேனுக்குப் பின்னாடி ஓடுதாரு. எட்வினுக்கு இருமி இருமிக் கண்ணுல தண்ணியே வந்துட்டு. ஊர்த் தண்ணி மாறினா அப்படித்தான். மிளகுக் கசாயம் வச்சுக் குடிங்கன்னு சொன்னேன்.

சிந்துஜாவுக்கு மட்டும் இருமல் இல்ல. என் பக்கத்துல வந்து உக்காந்தா. "காதைக் காட்டுங்கக்கா"ன்னா. பையில இருந்து ரெண்டு ரப்பரை எடுத்தா. முன்ன போட்டது உள்பக்கம் சிவப்பா இருக்கும், இதுல ஒண்ணு பச்சை, ஒண்ணு மஞ்சள். "இது எந்த சைஸ் பிள்ள?"ன்னேன். அவ என் முகத்தைப் பாத்தா, அந்தப் பக்கம் இருந்த எட்வினைப் பாத்தா. "எஸ்ஸுதான்க்கா. புது மாடல் எஸ்ஸு, கொஞ்சம் தாராளமா இருக்கும்"ன்னா. எட்வினுக்கு மறுபடியும் இருமல் வந்துட்டு. காதுல வச்சா, காதோட ஒட்டினாப்புல போயி உக்காந்துட்டு. எஸ்ஸுல இப்படி ஒண்ணு இருக்குன்னு முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு பாடு வந்திருக்குமா?

அப்புறம், "அக்கா, உங்க கேபிளை ஒரு நாள் நான் போட்டுக்கிடட்டுமா? ஆசையா இருக்கு"ன்னா. சின்னப் பிள்ளை ஆசைப்பட்டுக் கேக்குதேன்னு கழத்திக் குடுத்துட்டு, அவ வயரை நான் மாட்டிக்கிட்டேன். அதைக் காதுக்கு மேல வளைச்சு, மாட்டலுக்குள்ளயே நுழைச்சு, முதுகுல ஒரு ஊக்கு குத்திவிட்டா. ஜிமிக்கியைக் கழத்தச் சொல்லலை. தலையை ஆட்டிப் பாத்தேன், சரசரப்பும் இல்ல, டங்கு டங்கும் இல்ல. சின்னப் பிள்ளைக்காக நல்ல கேபிளை விட்டுக்குடுத்திருக்கோம்னு மனசுல ஒரு நிறைவு.

மேளம் ஓஞ்சு கச்சேரி தொடங்குச்சு. முன்னால பொம்பளையளா உக்காந்திருக்காவ. தர்மகர்த்தா தட்டுல மாலையோட ஓரமா நிக்காரு. சிந்துஜா மைக்குக்கு முன்னாடி போயி நிக்கா, நான் பின்னால நிக்கேன். அந்த மாலையைப் பாக்கக்கூடாதுன்னு பாக்கேன், கண்ணு அங்கயே போகுது. பாட்டுக்கு முன்னாடி எட்வின் எங்க காதுக்குள்ள மட்டும் டக்கு டக்குன்னு ஒரு தாளம் விடுவான், வெளிய ஒருத்தருக்கும் கேக்காது. அதைக் கேட்டுத்தான் நாங்க எடுப்போம். அன்னைக்கும் விட்டான். எனக்கு நல்லாக் கேட்டுது.

சிந்துஜா பாட்டை எடுக்கலை. குமிழைத் தொட்டுப் பாக்கா, கேபிளை ஆட்டிப் பாக்கா. திரும்பி, "அண்ணே, எனக்கு ஒண்ணுமே கேக்கலை. கேபிள் சரியில்ல. அக்கா பாடட்டும்"னா. எட்வின் முழிக்கான். கூட்டத்துல ஒரு ஆச்சி, "டெய்சியைப் பாடச் சொல்லுங்கலே"ங்கா. மறு நிமிஷம் மைக்கு என் கையில இருக்கு.

பாடினேன் பிள்ள. டிரம்மு வயித்துல வந்து இடிக்குது. கீபோர்டு பக்கத்துல நின்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு. என் குரல் எனக்கே சுத்தமாக் கேக்குது. அதைக் கேட்டு எத்தனை நாளாச்சு! சந்தோஷத்துல அழுகை வந்துட்டு, ஆனா சுருதி ஒரு மயிரிழை விலகலை. எட்வினே எழுந்து நின்னு கையெடுத்துக் கும்பிட்டான். மாலை என் கழுத்துக்கு வந்துட்டு.

எல்லாரும் என்ன நினைச்சாவன்னா, அந்தக் கேபிள் கெட்டுப்போச்சுன்னு. நான் என்ன நினைச்சேன்னா, வெள்ளிக் கேபிளை எல்லாக் காதும் தாங்காது, அதுக்குச் சின்னக் காது வேணும்னு. வீட்டுக்கு வந்து ஜிமிக்கியைக் கழத்துதப்பதான் எனக்கு ஒண்ணு தட்டுப்பட்டுது. ஒண்ணுமே கேக்கலை கேக்கலைன்னு எட்வின்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாளே, அப்ப நான் கீழ குனிஞ்சு பாத்துக்கிட்டு நின்னேன். அவ வலது கால் பெருவிரல் தாளம் போட்டுக்கிட்டு இருந்துச்சு. டக்கு டக்குன்னு, என் காதுக்குள்ள விழுத அதே தாளம்.

நான் அவகிட்டக் கேக்கலை. கேட்டா இல்லன்னு சொல்லுவா. அவளும் சொல்லலை. இந்த ஒரு வருஷமா ஒவ்வொரு கச்சேரிக்கும் அவதான் எனக்கு ரப்பர் மாட்டி, ஊக்கு குத்தி விடுதா.

அடுத்த மாசம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஓசூர்ல வேலை. இனிமே இந்தப் பக்கம் பாட வர மாட்டா. இன்னைக்கு நோட்டீஸ்ல முதல் பாட்டு டெய்சிராணின்னுதான் போட்டிருக்கு. அந்தக் கேபிளைப் பையில எடுத்துட்டு வந்திருக்கேன், இதோ பாரு. இன்னைக்கு இதைத்தான் மாட்டப்போறேன். மைக்குக்கு முன்னாடி போயி நின்னுக்கிட்டு, "எட்வின் தம்பி, எனக்கு ஒண்ணும் கேக்கலை, கேபிள் சரியில்ல, சிந்துஜா பாடட்டும்"னு சொல்லப்போறேன். நீ யாருகிட்டயும் சொல்லிராத.

அந்தா பந்தல் தெரியுது. அண்ணே, கீழவேப்பங்குளம் விலக்கு, நிறுத்துங்க! வாரேன் பிள்ள. சொல்லுததுக்கு நல்லாச் சொல்லிருவேன், எட்வினும் நம்பிருவான். ஆனா காதுக்குள்ள தாளம் விழுந்துக்கிட்டே இருக்கையில காலை அசைக்காம நிக்கணும். அது ஒண்ணுதான் என்னால முடியுமான்னு தெரியலை.